ஆறாவது இன்னிங்ஸில் மழை

ஜூலை 9, செவ்வாய், காலை

நூல் மில்காரர்கள் ஜனவரியில் கொடுத்த டைரி. ஆறு மாதமாக இதில் ஓட்டை விழுந்த பனியன்களின் எண்ணிக்கையைத் தவிர வேறெதுவும் எழுதவில்லை. திருப்பூரில் இருபத்திரண்டு வருடமாகச் செக்கிங் சூப்பர்வைசராகக் குப்பை கொட்டும் சென்னியப்பனுக்கு வேறென்ன எழுத இருக்கிறது என்றுதான் விட்டிருந்தேன். இன்று எழுதத் தோன்றுகிறது. அப்படி ஓர் ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது.

எங்கள் கம்பெனி அமெரிக்கப் பேஸ்பால் அணிகளுக்கு ரசிகர் பனியன் தைக்கிறது. அணி ஜெயித்தால் ஆர்டர் கூடும், தோற்றால் படுத்துவிடும். எந்த நிறத் துணியை முன்கூட்டி வெட்டி வைக்கலாம் என்று ஊகிக்கப் போய்த்தான், நானும் எம்ப்ராய்டரி பிரிவு நாச்சிமுத்துவும் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டோம். அந்தப் பந்தை இருவரும் கையால் தொட்டதில்லை. ஆனால் எந்தப் பந்துவீச்சாளன் எத்தனை பந்துக்குப் பிறகு சோர்வான் என்று கேட்டால் சொல்வோம்.

போன வருடத்திலிருந்து கிரிப்டோ காசில் நடக்கும் கணிப்புச் சந்தையில் விளையாடுகிறோம். இன்ன அணி ஜெயிக்குமா என்று கேள்வி இருக்கும். ஜெயிக்கும் என்று பங்கு வாங்கலாம். ஜெயித்தால் பங்குக்கு ஒரு டாலர், தோற்றால் பூஜ்யம். நடுவில் விலை ஏறி இறங்கும்போது விற்கவும் செய்யலாம். இன்று ஹெரான்ஸ் அணியின் மேல் இருப்பது எங்கள் மொத்தப் பணமும்.

ஒன்பதில் ஆறாவது இன்னிங்ஸ். ஹெரான்ஸ் இரண்டு, எதிரணி ஸ்டோக்கர்ஸ் மூன்று. ஹெரான்ஸ் மட்டை பிடிக்கிறது, ஓட்டத்தின் பாதி வழியில் இரண்டு பேர் பேஸில் நிற்கிறார்கள், மூன்று அவுட்டில் ஒன்றுதான் ஆகியிருக்கிறது. அந்த நேரத்தில் அங்கே மழை கொட்டித் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள். விலை நாற்பத்தொரு சென்ட்.

நாச்சிக்குப் போன் போட்டேன். வண்டியில் வந்துகொண்டிருந்தான். டவர் போய்விட்டது போல, பேச்சு பாதியில் அறுந்தது. வந்ததும் பேசிக்கொள்ளலாம்.

அதே நாள், மாலை

நாச்சிமுத்து இறந்துவிட்டான். மங்கலம் சாலை வளைவில் லாரி.

ஜூலை 11

நேற்று எரித்தோம். எதையும் எழுத முடியவில்லை. இன்று வேலைக்குப் போய் எழுநூறு பீஸ் பார்த்தேன். ஒன்றைக்கூடக் கழிக்கவில்லை. பிறகு பயம் வந்து எல்லாவற்றையும் திரும்பப் பார்த்தேன்.

ஜூலை 12

நாச்சியின் மனைவி தமயந்தியைப் பார்க்க நானும் என் மனைவி கலாமணியும் போனோம். போலீசார் அவனுடைய பர்ஸையும் கடிகாரத்தையும் செல்போனையும் ஒரு பிளாஸ்டிக் பையில் கொடுத்திருக்கிறார்கள். போன் இரண்டாக மடிந்து கிடக்கிறது.

கலாமணி காபி போட உள்ளே போனபோது தமயந்தி கேட்டாள்.

"கடைசியா உங்ககிட்டத்தான் பேசிட்டு இருந்தாராமுங்ணா. போலீஸ்காரரு சொன்னாரு. என்னுங்ணா சொன்னாரு?"

"லோடு விசயம் அம்மணி. சாயங்காலம் வண்டி வருதா இல்லியான்னு கேட்டான். அவ்வளவுதான்."

"என்னைப் பத்தி ஏதாச்சும்?"

"இல்ல அம்மணி. அதுக்குள்ள டவர் போயிருச்சு."

அவள் தலையாட்டினாள். லோடு விஷயம் என்று எப்படி அத்தனை சுலபமாக வாயில் வந்தது என்று தெரியவில்லை. துக்க வீட்டில் சூதாட்டத்தைப் பற்றிப் பேச முடியுமா? அவளுக்கு அதெல்லாம் தெரியவே தெரியாது.

ஜூலை 15

அந்த ஆட்டம் இன்னும் முடியவில்லை. இதை எழுதும்போது எனக்கே சிரிப்பும் வருகிறது, வேறு என்னவோவும் வருகிறது. கிரிக்கெட் என்றால் மழைக்கு ஏதாவது கணக்குப் போட்டு அன்றே முடித்துவிடுவார்கள். பேஸ்பாலில் நின்ற இடத்தில் அப்படியே நிறுத்தி வைத்து, அந்த இரண்டு அணியும் அடுத்த முறை சந்திக்கும்போது அதே பந்திலிருந்து தொடர்வார்களாம். எங்கள் நேரப்படி ஆகஸ்ட் 28 காலை. அதுவரை கேள்வி திறந்தே இருக்கும் என்று சந்தையின் விதி சொல்கிறது.

எங்கள் பங்குகள் பத்திரமாக இருக்கின்றன. கணக்கின் முகவரி தெரிந்தால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தொடத்தான் முடியாது. தொடுவதற்கு நாச்சியின் போன் வேண்டும், இல்லாவிட்டால் பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகள் வேண்டும். கணக்குத் தொடங்கும்போது இயந்திரம் குலுக்கிப்போட்டுத் தரும் வார்த்தைகள் அவை. அர்த்தம் கிடையாது, வரிசை மாறக் கூடாது. ஒருவரை ஒருவர் ஏமாற்றிவிடக் கூடாது என்று ஆளுக்கு ஆறாகப் பிரித்துக்கொண்டோம். முதல் ஆறு என்னிடம். அடுத்த ஆறை ஒரு காகிதத்தில் எழுதி நாச்சி பர்ஸில் வைத்துக்கொண்டான். நான் ஏமாற்ற மாட்டேன் என்று தெரிந்தும் அப்படிச் செய்வோம் என்று சொன்னவன் அவன்தான். பொய். நான்தான் சொன்னேன்.

எங்கள் பணம் என்று மேலே எழுதியிருக்கிறேன். பணம் முழுக்க அவனுடையது. என் பங்கு அறிவு மட்டும்.

ஜூலை 24

பதினாறாம் நாள் காரியம். ஆச்சரியம், நாச்சியின் தங்கை ருக்குமணி வந்திருந்தாள். ஏழு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. சாவுக்குக்கூடச் சொல்லிவிடாமல், வேறு யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வாசலோடு அழுதுவிட்டுப் போனவள். போன வாரம் தமயந்தியே போன் போட்டு, "வந்துரு ருக்கு, உங்கண்ணன் உன்னைக் கூப்பிடச் சொல்லியிருக்காரு" என்றாளாம். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுததைப் பார்த்து எனக்கும் அடக்க முடியவில்லை.

நாச்சி எப்போது அப்படிச் சொன்னான் என்று புரியவில்லை. தங்கை பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவான்.

பர்ஸ் சாமிப்படத்துக்குக் கீழே இருந்தது. பந்தியில் பரிமாறும்போது நான்கு முறை அதைப் பார்த்தேன். கேட்க வாய் வரவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

தமயந்தி வீட்டுக் குழாயில் வாஷர் போயிருந்தது. மாற்றிக் கொடுத்தேன். அவளுடைய அண்ணன் உடுமலையிலிருந்து வந்து தன்னோடு கூட்டிப்போகக் கெஞ்சிக்கொண்டிருந்தார். அங்கே மாடி சும்மா கிடக்கிறது, இங்கே வாடகை கொடுத்துக்கொண்டு தனியாக எதற்கு என்றார். நியாயமான பேச்சு. அவள் ஒரே வார்த்தையாக, "நான் இங்கத்தான் இருக்கோணும்" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 4

கம்பெனியில் நாச்சி இடத்துக்குப் புது ஆள் போட்டுவிட்டார்கள். நல்லவன்தான். ஹெரான்ஸ் சின்னமான நாரையின் கழுத்தில் இரண்டு தையல் அதிகம் விழுகிறது. நாச்சி விடமாட்டான். நான் விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 10

முப்பத்தெட்டு சென்ட்.

ஆகஸ்ட் 13

கலாமணி கேட்கிறாள். "வாராவாரம் அங்க போயி ஏதாச்சும் ரிப்பேர் பாக்கறீங்க. நம்ம வீட்டு ஃபேன் ரெண்டு மாசமாக் கத்துது." ஃபேனுக்கு எண்ணெய் விட்டேன். கத்துவது நின்றது. பங்கு விஷயத்தை அவளிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

சிலிண்டர் மாற்றிக் கொடுக்கப் போனேன். தமயந்தி தெளிவாக இருந்தாள். டாக்டரிடம் போய் வந்ததாகச் சொன்னாள். இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்ட தைராய்டு சோதனையை எடுத்து, மாத்திரையும் சாப்பிடுகிறாள். சன்னல் கதவைத் தச்சன் வந்து சரி செய்திருக்கிறான். நான் பாராட்டும் தொனியில் ஏதோ சொன்னேன்.

"அவரு சொல்லிட்டுப் போயிருக்காருங்ணா, செய்யாம இருக்க முடியுமா? உங்ககிட்ட ஒண்ணு காட்டோணும். இதுவரைக்கும் ஆருகிட்டவும் காட்டல."

பர்ஸிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தாள். அடுக்களையில் கிடந்த பழைய ஆங்கில அகராதியையும் எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். காகிதத்தில் நாச்சியின் கையெழுத்தில் ஆறு வார்த்தைகள், ஒன்றின் கீழ் ஒன்றாக. சால்ட். சிஸ்டர். விண்டோ. டாக்டர். ஸ்டே. ஆஸ்ட்ரிச்.

"எனக்கு இங்கிலீஸ் வராதுன்னு தெரியும். இருந்தும் எழுதி வெச்சிருக்காரு. ஆரும் படிச்சிரக் கூடாதுன்னு நெனச்சிருப்பாரு. நான் ஒண்ணொண்ணா இதுல தேடிப் பாத்தேன்."

விரலை வைத்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். உப்பு. அவன் இறப்பதற்கு முந்தின நாள் ரசத்தில் உப்பில்லை என்றதற்கு அவள் கோபித்துக்கொண்டாளாம். இனி அதற்கெல்லாம் கோபப்படாதே என்கிறார். சகோதரி. அதனால்தான் ருக்குமணிக்குப் போன். சன்னல். மழைக்கு முன் சரி செய்யச் சொல்கிறார். டாக்டர். தங்கியிரு.

"இந்த வூட்டுல எங்கூட பன்னெண்டு வருசம் இருந்தவரு, தங்கியிருன்னு எழுதி வெச்சிருக்காரு. எங்கண்ணன் கூப்பிட்டா நான் எப்பிடிங்ணா போறது?"

அவள் விரல் கடைசி வார்த்தைக்கு வந்து நின்றது.

"அஞ்சும் தெரிஞ்சிருச்சு. ஆறாவதுதான் பிடிபடல. நெருப்புக்கோழின்னு போட்டிருக்குது. நாலு நாளா ரோசனை பண்றேன். நாங்க ஒருக்கா சென்னைக்குப் போனப்ப மிருகக்காட்சி சாலைக்குப் போனம். அங்க பாத்தமான்னு நெனப்பில்ல. நீங்க அவரோட சிநேகிதரு. உங்களுக்கு ஏதாச்சும் தோணுதுங்களா?"

"யோசிச்சுச் சொல்றேன் அம்மணி" என்றேன்.

அந்த நேரத்தில் என் மனம் என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் அந்த ஆறு வார்த்தையை வரிசை மாறாமல் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 19

என் போனில் பன்னிரண்டு வார்த்தையையும் போட்டேன். திறந்துகொண்டது. பங்குகள் அத்தனையும் என் கைக்குள். நாற்பத்துமூன்று சென்ட். ஒரு பொத்தானை அழுத்தினால் விற்று, நாளைக்கே தமயந்தியிடம் கொடுத்துவிடலாம். கம்பெனி கொடுத்தது என்று சொன்னால் போயிற்று. காகிதத்தைப் பற்றி வாயே திறக்க வேண்டியதில்லை. அவளுக்கு அவள் கடிதமும் இருக்கும், பணமும் இருக்கும்.

மதியம் விற்கிறேன்.

ஆகஸ்ட் 20

நேற்று ஷிப்மென்ட் வேலை. விற்க நேரமில்லை.

ஆகஸ்ட் 22

நாற்பத்தைந்து. ஏறுகிறது. ஸ்டோக்கர்ஸ் பந்துவீச்சு வரிசையில் இரண்டு பேருக்குக் காயம். ஆட்டம் தொடரும்போது இரண்டு பேர் பேஸில் நிற்பார்கள், ஒரே அவுட். ஓர் அடி போதும், விலை எண்பதுக்குப் போகும். அவளுக்கு இரண்டு மடங்கு கிடைக்கும். அவளுக்காகத்தான் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

தமயந்தி வீட்டுக்குப் போகவில்லை. நெருப்புக்கோழிக்குப் பதில் சொல்ல வேண்டுமே.

இன்றும் விற்கவில்லை. ஏன் என்று கேட்டால் பேராசை என்று யாரும் சொல்லிவிடுவார்கள். அது உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இன்னொன்றும் உண்டு. நாச்சி இருந்தபோது தொடங்கிய காரியங்களில் இது ஒன்றுதான் இன்னும் முடியாமல் இருக்கிறது. இதை விற்றுவிட்டால் அவனும் நானும் சேர்ந்து காத்திருக்க எதுவும் இல்லை. அந்த இரண்டு பேரும் பேஸில் நிற்கும்வரை, அவன் வண்டியில் வந்துகொண்டிருக்கிறான் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். யாரிடமும் சொல்ல முடியாது. அவன் இல்லாமல் எனக்குக் கம்பெனியில் டீ குடிக்கக்கூடப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 28, புதன்

கழிவறைக்குள் நின்று போனில் பார்த்தேன். மாலை வெயில் அடிக்கிற மைதானத்தில், ஐம்பது நாளுக்கு முன் நின்ற இடத்திலிருந்து ஆட்டம் தொடங்கியது. அன்று மட்டையோடு நின்றவன் இப்போது ஹெரான்ஸ் அணியிலேயே இல்லை. நடுவில் வேறு அணிக்குக் கொடுத்துவிட்டார்களாம். அவன் இடத்தில் ஒரு புதியவன் வந்து நின்றான். இரண்டாவது பந்தைத் தரையோடு தட்டினான். நேராக எதிரியின் கைக்குப் போனது. ஒரே வீச்சில் இரண்டு பேர் அவுட். இன்னிங்ஸ் முடிந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அப்போதும் இருபத்தாறு சென்ட் இருந்தது. விற்கவில்லை. இரண்டுக்கு ஐந்து என்று தோற்றார்கள். பூஜ்யம்.

ஆகஸ்ட் 29

வேலைக்குப் போகவில்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

இன்று போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கலாமணியை அழைத்துப் போகவில்லை.

முதலில் காகிதத்தைப் பற்றி. அவை இயந்திரம் கொடுத்த வார்த்தைகள், அவனுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை, நெருப்புக்கோழிக்கு அர்த்தம் இல்லை, மற்ற ஐந்துக்கும் இல்லை என்றேன். அவள் ஐந்தாவது வார்த்தையின் மேல் விரலை வைத்தாள்.

"அப்ப, தங்கியிருன்னு அவரு சொல்லலீங்களா?"

"இல்ல அம்மணி."

"ருக்குவைக் கூப்பிடச் சொன்னது?"

"அதும் இல்ல."

பிறகு பணத்தைச் சொன்னேன். ஒன்பது நாள் என் கையில் இருந்ததையும், விற்காமல் வைத்திருந்து தொலைத்ததையும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"பணம் போவட்டும். அந்த அமெரிக்கா ஆட்டமெல்லாம் எனக்கும் தெரியுமுங்ணா. உங்க ரெண்டு பேருத்துக்கும்தான் எனக்குத் தெரியும்ங்கறது தெரியாது. அன்னிக்குக் காலையில அதுக்குத்தான் சண்டை. இன்னியோட விட்டுருங்கன்னேன். சரி, போறப்பவே வித்தர்றேன்னாரு. வாய்க்குச் சொல்றாருன்னு நெனச்சுட்டேன். டிபன் டப்பாவைக்கூடக் கையில குடுக்கல. மேடையில வெச்சுட்டு உள்ள போயிட்டேன்."

இதைச் சொல்லாமல் எழுந்து வந்திருக்கலாம். அவளுக்குத் தெரிய எந்த வழியும் இல்லை. ஐம்பது நாளாக இந்த டைரியில்கூட இதை நான் எழுதவில்லை.

"அன்னிக்கு அவன் லோடு விசயம் பேசல" என்றேன்.

ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு பேசினான். மழை வந்து ஆட்டம் நின்றுவிட்டது என்று நான் சொன்னதும், "வித்தர்றேன்டா சென்னி. ஓரமா வண்டிய நிறுத்திட்டு இப்பவே வித்தர்றேன். தமயந்திகிட்ட சொல்லிட்டு வந்துட்டேன்" என்றான். நான்தான் வேண்டாம் என்றேன். நிறுத்தாதே, விற்காதே, இரண்டு பேர் பேஸில் நிற்கிறார்கள், பேசாமல் வந்து சேர் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு அவன் வண்டியை நிறுத்தாமல் வந்தான். நான் பேசிக்கொண்டே இருந்தேன். நாச்சி, நாச்சி என்று கூப்பிட்டேன். டவர் இல்லை என்று நினைத்து வைத்துவிட்டேன்.

விற்கச் சொல்லியிருந்தால் ஓரமாக நிறுத்தியிருப்பான். லாரி அதன் வழியில் போயிருக்கும்.

தமயந்தி எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

"தமயந்திகிட்ட சொல்லிட்டு வந்துட்டேன்னு சொன்னாருங்களா? அப்பிடியேதான் சொன்னாரா?"

"அப்பிடியேதான் அம்மணி."

"எம் பேரைச் சொல்லி?"

"ஆமா."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவனை எரித்த அன்றுகூட அவள் அப்படி அழுததை நான் பார்க்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, சத்தமே இல்லாத குரலில் பேசினாள்.

"ஐம்பது நாளா அவரு எனக்கு என்ன சொல்லிட்டுப் போனாருன்னு நான் புத்தகத்துல தேடிட்டிருந்தேன். நீங்க வாரம் தப்பாம வந்து என்ற வூட்டுக் காபியைக் குடிச்சுட்டுப் போனீங்க. அது உங்ககிட்ட இருந்திருக்குது."

நான் எழுந்துகொண்டேன்.

"லாரிக்காரனைக்கூட மன்னிச்சிரலாமுங்ணா. போயிட்டு வாங்க."

வாசல்வரை வந்து செருப்பைப் போட்டுக்கொள்ளும்போது, பின்னால் கதவைத் தாழிடும் சத்தம் கேட்டது. மெதுவாகத்தான் தாழிட்டாள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

தமயந்தி வீட்டைக் காலி செய்துகொண்டு உடுமலைக்குப் போய்விட்டாள். சாமான் கட்டி ஏற்ற உதவிக்கு ருக்குமணி வந்திருந்தாளாம். கலாமணியையும் தமயந்தி போன் போட்டுக் கூப்பிட்டாளாம். கலாமணியை மட்டும்.